காற்றுக்குழாய் என்று பெயர் வாங்கிய ரத்தக்குழாய்



இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆர்ட்டரி. 'ஆர்ட்டரியில் அடைப்பு' என்று டாக்டர் சொன்னால், அப்படியென்றால் என்ன என்று கேட்கிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். தெருவுக்கு நான்கு பேர் ஆஞ்சியோ எடுத்துக்கொண்டவர்கள். அந்த அளவுக்கு வீட்டுச் சொல்லாகிவிட்டது.

இந்தச் சொல் கிரேக்கத்தில் 'ஆர்ட்டீரியா'. ரோமானியர்கள் அதை அப்படியே லத்தீனில் எடுத்துக்கொண்டார்கள். லத்தீனிலிருந்து ஐரோப்பிய மொழிகள் எல்லாம் எடுத்துக்கொண்டன. இதுவரை சிக்கல் ஒன்றும் இல்லை. ஆனால் கிரேக்கர்கள் முதலில் 'ஆர்ட்டீரியா' என்று சொன்னது ரத்தக்குழாயை அல்ல. தொண்டையிலிருந்து நுரையீரலுக்கு இறங்கும் மூச்சுக்குழலை.

மூச்சுக்குழலின் பெயர் எப்படி ரத்தக்குழாய்க்குப் போயிற்று? அந்தக் கதையில் இந்தச் சொல்லின் பொருள் பலமுறை புரண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் மாறியது, மருத்துவர்கள் அந்தக் குழாயைப் பார்த்துக் கேட்ட கேள்வி. 'எங்கே இருக்கிறது?' என்று முதலில் கேட்டார்கள். பிறகு 'உள்ளே என்ன இருக்கிறது?' என்றார்கள். பிறகு 'சுவர் எப்படி இருக்கிறது?' என்றார்கள். கடைசியில்தான் 'எந்தப் பக்கம் ஓடுகிறது?' என்று கேட்டார்கள். கேள்விகள் மாறின, சொல் அப்படியே நின்றது. ஆகவே, ஒரு கலைச்சொல்லின் வேரைத் தோண்டி எடுத்துவிட்டால் அதன் பொருள் கைக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அது எந்தக் கேள்விக்குப் பதிலாக நின்றது என்று தெரிந்தால்தான் பொருள் விளங்கும்.

எங்கே இருக்கிறது?

ஹிப்போகிரேட்டஸ் பெயரில் நமக்குக் கிடைத்திருக்கும் பழைய நூல்களிலும், பிறகு அரிஸ்டாட்டிலிடமும், ஆர்ட்டீரியா என்பது மூச்சுக்குழல். சொல்லின் பிறப்பைப் பற்றி முற்காலத்திலேயே ஒரு விளக்கம் வழங்கியது: 'ஏயர்' என்றால் காற்று, 'டீரைன்' என்றால் காப்பது, காற்றைக் காத்துவைப்பதால் ஆர்ட்டீரியா. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. இன்றைய மொழியியலாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை. தூக்குதல், தொங்கவிடுதல் என்ற பொருளுள்ள 'ஏய்ரைன்' என்ற வினையோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். நுரையீரல் தொங்கும் கொடி என்று வைத்துக்கொள்ளலாம். அதே வினையிலிருந்து வந்ததாகக் கருதப்படும் இன்னொரு சொல் உங்களுக்கு நன்றாகத் தெரியும்: இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் பெயரான அயோர்ட்டா.

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) ரத்தக்குழாய் எதுவானாலும் 'ஃப்லெப்ஸ்' என்றே சொன்னார். ரத்தம் எடுப்பவரை இன்றைக்கும் 'ஃப்ளெபாட்டமிஸ்ட்' என்கிறோமே, அந்த ஃப்லெப்ஸ்தான். உடம்பில் இரண்டு பெரிய குழாய்கள் இருப்பதையும், அவற்றில் அயோர்ட்டா நார்த்தன்மை கூடியது என்பதையும் அவர் கவனித்திருந்தார். ஆனாலும் இரண்டும் அவருக்கு ஒரே இனம், இரண்டிலும் ரத்தம். கதை இங்கேயே நின்றிருந்தால், காற்றின் பேச்சே வந்திருக்காது.

உள்ளே என்ன இருக்கிறது?

அரிஸ்டாட்டிலுக்குச் சற்றுப் பின்னால் கோஸ் தீவில் ப்ராக்ஸகோரஸ் என்ற மருத்துவர் இருந்தார். இந்தக் குழாய்கள் ஓரினம் அல்ல, ஈரினம் என்று தெளிவாகப் பிரித்தவர் அவர்தான். ஆர்ட்டரி எனும் தமனி வேறு, வெயின் எனும் சிரை வேறு. மருத்துவ வரலாற்றில் இது பெரிய அடி. ஆனால் பிரித்ததற்கு அவர் சொன்ன காரணத்தைப் பாருங்கள்: ஃப்லெப்ஸில் ரத்தம் இருக்கிறது, மற்றதில் 'நியூமா' இருக்கிறது. நியூமா என்றால் மூச்சு, காற்று, உயிர்வளி எல்லாம்தான். மூக்கு வழியாக வந்த மூச்சு, மூச்சுக்குழல் வழியே நுரையீரலுக்குப் போய், இதயத்தைத் தொட்டு, இந்தக் குழாய்களில் ஏறி உடம்பெங்கும் பரவுகிறது. அப்படியானால் இந்தக் குழாய்கள் மூச்சுக்குழலின் கிளைகள்தானே? மூச்சுக்குழல் ஆர்ட்டீரியா என்றால் கிளைகளும் ஆர்ட்டீரியாதான். பெயர் கைமாறியது இப்படித்தான்.

இது முட்டாள்தனம் என்று யாரும் சிரித்துவிடக் கூடாது. இறந்த விலங்கை அறுத்துப் பாருங்கள். சிரைகள் கருஞ்சிவப்பாக நிரம்பிக் கிடக்கும். தமனிகளில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. திறந்தால் வாய் பிளந்து வெறும் குழாயாக நிற்கும். உயிரோடு இருக்கும்போதே நம் ரத்தத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சிரைகளில்தான் தங்கியிருக்கிறது. இதயம் நின்றபின் தமனியின் மீள்தன்மையுள்ள சுவரும் அதன் தசையும் சுருங்கி, மிச்சமிருக்கும் ரத்தத்தையும் அந்தப் பக்கம் தள்ளிவிடும். ப்ராக்ஸகோரஸ் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். அவர் கண்டது பிணத்தில். சொன்னதோ உயிருள்ள உடம்பைப் பற்றி. பிழை அந்த இடைவெளியில் இருந்தது.

உயிருள்ளவனின் தமனியை வெட்டினால் ரத்தம் பீய்ச்சி அடிக்கிறதே என்று கேட்கத் தோன்றும். போர்க்களம் பார்த்த கிரேக்கர்களுக்கு இது தெரியாமல் இல்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எராசிஸ்ட்ராட்டஸ் இதற்குப் பதில் வைத்திருந்தார். இதய வால்வுகளின் வேலையை விளங்கிக்கொண்ட கூர்மையான மனிதர் அவர். தமனியை வெட்டியதும் உள்ளேயிருந்த நியூமா வெளியேறிவிடுகிறது. அங்கே வெற்றிடம் உண்டாகிறது. இயற்கை வெற்றிடத்தை விடாது. பக்கத்துச் சிரைகளிலிருந்து மிக நுண்ணிய இணைப்புகள் வழியாக ரத்தம் அந்த இடத்துக்குப் பாய்ந்து வருகிறது. அதைத்தான் நாம் பார்க்கிறோம் என்றார். தமனிக்கும் சிரைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத இணைப்பு உண்டு என்ற இந்த ஊகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தவறான கொள்கையைக் காப்பாற்றப் பிறந்த சரியான ஊகம் அது. அந்த இணைப்பை ஒருவர் கண்ணால் பார்க்க 1661 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது ஒரு நடைமுறைத் தொல்லை. மூச்சுக்குழலும் ஆர்ட்டீரியா, ரத்தக்குழாயும் ஆர்ட்டீரியா என்றால் எதைச் சொல்கிறோம் என்று எப்படித் தெரியும்? ஒரு அடைமொழி தேவைப்பட்டது. மூச்சுக்குழலில் குருத்தெலும்பு வளையங்கள் உண்டு. தடவினால் மேடும் பள்ளமுமாகச் சொரசொரக்கும். கிரேக்கத்தில் சொரசொரப்புக்கு 'டிரக்கைஸ்'; பெண்பாலில் 'டிரக்கேயா'. ஆகவே மூச்சுக்குழல் 'ஆர்ட்டீரியா டிரக்கேயா', சொரசொரத்த தமனி ஆயிற்று. லத்தீனில் 'ஆஸ்பெரா ஆர்ட்டீரியா' என்று மொழிபெயர்த்தார்கள். நாளடைவில் பெயர்ச்சொல் உதிர்ந்து அடைமொழி மட்டும் மிஞ்சியது. அதுதான் மருத்துவ மாணவர்கள் முதலாண்டில் படிக்கும் டிரக்கியா. வீட்டுக்காரன் வெளியேறி, வாடகைக்கு வந்தவன் பெயரில் பட்டா மாறிய கதை. கண்ணிமையின் உட்புறம் சொரசொரப்பாகும் நோய்க்கு டிரக்கோமா என்று பெயர் வந்ததும் இதே சொல்லிலிருந்துதான்.

இந்தக் காற்றுக் கொள்கை மருத்துவர்களோடு நின்றுவிடவில்லை. ரோமின் சிசரோ கி.மு. 45 வாக்கில் கடவுளரின் இயல்பைப் பற்றி எழுதிய நூலில், சிரைகள் வழியே ரத்தமும் தமனிகள் வழியே மூச்சும் உடம்பெங்கும் பரவுவதாகப் படித்தவர் எல்லாருக்கும் தெரிந்த செய்திபோல எழுதிப்போகிறார்.

அடுத்த பெரிய பெயர் கேலன். கி.பி. 129இல் பெர்கமம் நகரில் பிறந்தவர். அங்கே கிளாடியேட்டர்களுக்கு மருத்துவராக இருந்தவர். வெட்டுக்காயம் அவருக்கு அன்றாடம். தமனிகளில் இயல்பாகவே ரத்தம் உண்டா என்ற கேள்விக்கென்றே தனி நூல் எழுதினார். அவருடைய சோதனையின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. உயிருள்ள விலங்கின் தமனியை வெளியே எடுத்து, இரண்டு இடங்களில் நூலால் கட்டினார். பிறகு இரண்டு கட்டுகளுக்கும் நடுவில் கீறினார். ரத்தம் இருந்தது. எராசிஸ்ட்ராட்டஸ் சொன்னபடி வெளியிலிருந்து ஓடிவர வழியே இல்லை, இருபுறமும் கட்டியாயிற்று. அப்படியானால் அது முன்பே அங்கே இருந்த ரத்தம். நானூறு ஆண்டு வாதத்தை இரண்டு நூல்முடிச்சுகள் முடித்துவைத்தன.

பெயர் மட்டும் அசையவில்லை. தமனியில் இருப்பது நியூமா கலந்த மெல்லிய ரத்தம் என்று கேலன் ஒரு சமரசம் செய்துகொண்டார். காற்று முழுதாக வெளியேறவில்லை, ஓரமாக ஒதுங்கிக்கொண்டது.

சுவர் எப்படி இருக்கிறது?

கேலனிடமிருந்து மீண்டும் பின்னோக்கிப் போவோம். ப்ராக்ஸகோரஸின் மாணவர் ஹெரோஃபிலஸ். எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில், முதல் டாலமி மன்னர்களின் காலத்தில் மனித உடலையே அறுத்துப் பார்த்தவர். முன்சிறுகுடலின் நீளத்தைப் பன்னிரண்டு விரல் அகலம் என்று அளந்து பெயரிட்டவரும் இவரே. அதன் லத்தீன் வடிவம்தான் டியோடினம். அவர் தமனியின் சுவரைத் தொட்டுப் பார்த்து, சிரையின் சுவரைப்போல அது ஆறு மடங்கு தடிமன் என்றார். இது உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றிய ஊகம் அல்ல. விரலுக்குத் தெரிந்த உண்மை.

ஆனால் இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் தலை சுற்றும். இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாயின் சுவர் தமனியைப்போல் தடித்திருக்கிறது. ஆனால் வலப்பக்கமோ சிரைகளின் பக்கம், அங்கே உள்ளது சிரை ரத்தம். நுரையீரலிலிருந்து இடப்பக்கத்துக்கு வரும் குழாயின் சுவர் சிரையைப்போல் மெல்லியது. ஆனால் இடப்பக்கமோ தமனிகளின் பக்கம். என்ன செய்வது? முதலாவதைத் 'தமனிபோன்ற சிரை' என்றார்கள். இரண்டாவதைச் 'சிரைபோன்ற தமனி' என்றார்கள். லத்தீனில் வேனா ஆர்ட்டீரியோசா, ஆர்ட்டீரியா வேனோசா. பெயர்ச்சொல் 'உள்ளே என்ன?' என்ற கேள்விக்குப் பதில். அடைமொழி 'சுவர் எப்படி?' என்ற கேள்விக்குப் பதில். ஒரே பெயருக்குள் இரண்டு கேள்விகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஈராயிரம் ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக அந்தச் சண்டை நடந்தது.

அந்தக் குழப்பமான பெயர்களோடேயே ஒருவர் சரியான பாதையைக் கண்டார். இப்னு அல்-நஃபீஸ். டமாஸ்கஸில் படித்து கெய்ரோவில் வாழ்ந்தவர். இப்னு சீனாவின் மருத்துவ நூலில் உள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு 1242இல் ஓர் உரை எழுதினார். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றின் வழியே ரத்தம் வலமிருந்து இடம் போகிறது என்பது கேலன் வாக்கு. நடுச்சுவர் கெட்டியானது, துளை கிடையாது என்றார் இப்னு அல்-நஃபீஸ். ரத்தம் தமனிபோன்ற சிரை வழியாக நுரையீரலுக்குப் போய், அங்கே காற்றோடு கலந்து, சிரைபோன்ற தமனி வழியாக இடப்பக்கம் வந்தாக வேண்டும் என்றார். அந்த உரை ஐரோப்பாவில் பரவலாக அறியப்படாமலே கிடந்தது. 1924இல்தான் எகிப்திய மாணவர் ஒருவர் பெர்லின் நூலகச் சுவடியிலிருந்து அதை எடுத்து, ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாக்கினார். அதற்குள் ஐரோப்பாவும் அதே பாதையைக் கண்டிருந்தது: 1553இல் செர்வெட்டஸ் என்பவர் எழுதினார், அதே ஆண்டு ஜெனிவாவில் மதக் குற்றத்துக்காக எரிக்கப்பட்டார், 1559இல் கொலம்போ என்பவர் எழுதினார்.

எந்தப் பக்கம் ஓடுகிறது?

1603இல் இத்தாலியின் படுவா நகரில் ஃபாப்ரிசியஸ் என்ற பேராசிரியர் சிரைகளுக்குள் இருக்கும் சிறுகதவுகளைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். ரத்தம் கைகால்களில் வெள்ளமாகத் தேங்கிவிடாமல் அவை தடுப்பதாக நினைத்தார். அவரிடம் படித்த ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி, அந்தக் கதவுகள் எந்தப் பக்கம் திறக்கின்றன என்று பார்த்தார். எல்லாம் இதயத்தை நோக்கியே திறந்தன. முழங்கைக்கு மேல் துணியைக் கட்டி, புடைத்த சிரையை விரலால் நீவினார். ரத்தம் மேலே போயிற்று. கீழே வர மறுத்தது. ஓர் அரைமணி நேரத்தில் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தைக் கணக்கிட்டார். அது உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தைவிட அதிகமாக வந்தது. தின்ற சோற்றிலிருந்து அவ்வளவு ரத்தம் புதிதாக ஊற முடியாது. ஆகவே அதே ரத்தம்தான் சுற்றிச்சுற்றி வருகிறது. 1628இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் அச்சான 72 பக்கப் புத்தகம் இதைச் சொன்னது. அந்தப் புத்தகத்திலும் ஹார்வி வேனா ஆர்ட்டீரியோசா என்ற பழைய பெயரைத்தான் எழுதினார்! உலகைப் புரட்டிய கண்டுபிடிப்பும் பழைய சொற்களில்தான் எழுதப்படுகிறது.

ஹார்வி பார்க்காமல் விட்டது தமனியும் சிரையும் சந்திக்கும் இடம். 1661இல் மால்பிகி என்ற ஆய்வாளர் நுண்ணோக்கி வழியாகத் தவளையின் நுரையீரலில் அதைப் பார்த்தார். தலைமுடிக்கு லத்தீனில் 'கப்பில்லுஸ்'. முடிபோல் மெல்லியதால் அவை கேப்பிலரிகள் ஆயின. எராசிஸ்ட்ராட்டஸின் ஊகம் வேறொரு கொள்கைக்காக உயிர்த்தெழுந்தது.

இதன் பிறகு அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். இதயத்திலிருந்து வெளியே எடுத்துப்போகும் குழாய் ஆர்ட்டரி. இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது வெயின். நுரையீரல் குழாய்களின் சண்டை தீர்ந்தது: வலப்பக்கத்திலிருந்து போவது பல்மனரி ஆர்ட்டரி, இடப்பக்கத்துக்கு வருவது பல்மனரி வெயின். கருவிலிருக்கும் குழந்தையின் தொப்புள்கொடியிலும் இதே கணக்கு. குழந்தையின் இதயத்திலிருந்து நஞ்சுக்கொடிக்கு ஆக்ஸிஜன் குறைந்த ரத்தத்தைக் கொண்டுபோகும் இரண்டு குழாய்களும் தமனிகள்.

ஹெரோஃபிலஸ் தொட்டுணர்ந்த தடிமன் என்னவாயிற்று? அது காரணம் அல்ல, விளைவு என்று தெரிந்தது. இதயம் சுருங்கும்போது அயோர்ட்டாவில் சுமார் 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். நுரையீரல் தமனியில் சுமார் 25. சிரைகளில் அதைவிட மிகக் குறைவு. அழுத்தத்தைத் தாங்குவதற்கேற்பச் சுவர் அமைகிறது. இதற்கு நம் காலத்துச் சாட்சி உண்டு. டயாலிசிஸ் நோயாளிக்குக் கையில் ஃபிஸ்டுலா போடுகிறார்கள். அதாவது ஒரு சிரையைத் தமனியோடு இணைத்துவிடுகிறார்கள். சில வாரங்களில் அந்தச் சிரை பருத்து, சுவர் தடித்து, தொட்டால் அதிரும் குழாயாகிவிடுகிறது. பைபாஸ் அறுவையில் காலிலிருந்து எடுத்து இதயத்தில் தைக்கும் சிரையும் அப்படித்தான் தடிக்கிறது. தமனியின் வேலையைக் கொடுத்தால் சிரை தமனியின் உடம்பைப் பெறப் பார்க்கிறது.

பெயர் ஏன் மாறவில்லை?

பொய்யான கொள்கையிலிருந்து வந்த பெயரைத் தூக்கி எறிந்திருக்கலாமே? அதற்கான தருணமும் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உடற்கூற்றியலில் சுமார் 50,000 பெயர்கள் பெருகிக் கிடந்தன. ஒரே உறுப்புக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பெயர். 1895இல் பாசல் நகரில் அறிஞர்கள் கூடி, அவற்றைச் சுமார் 5,000 லத்தீன் பெயர்களாகச் சுருக்கினார்கள். ஆர்ட்டீரியா தப்பியது. எல்லா நாட்டவரும் ஒரே குழாயைச் சுட்ட அது உதவியது. அதற்கு மேல் அதனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பெயர் சரியாகச் சுட்டினால் போதும் என்ற இந்த ஞானம் புதிதல்ல. கி.பி. 100 வாக்கில் எஃபெசஸ் நகரத்து ரூஃபஸ், உடல் உறுப்புகளின் பெயர்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். கழுத்துத் தமனிக்குக் கரோட்டிட் என்ற பெயர் 'கரோஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. மயக்கம், ஆழ்ந்த தூக்கம் என்று பொருள். அதை அழுத்தினால் ஆள் மயங்குவான் என்பதால் வைத்த பெயர். ரூஃபஸ் இதைச் சொல்லிவிட்டு, உண்மையில் மயக்குவது தமனி அல்ல, பக்கத்திலுள்ள நரம்புகள் என்றும் சொல்கிறார். ஆனாலும் பெயரை மாற்றச் சொல்லவில்லை. இன்று நமக்குத் தெரியும்: கரோட்டிட் கிளை பிரியும் இடத்தில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உண்டு, அங்கே அழுத்தினால் இதயத்துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம். மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டாலும் மயக்கம் வரும். ரூஃபஸும் பாதி சரி, பெயர் வைத்தவர்களும் பாதி சரி.

நம் பாடநூல் சொற்களும் இதே வழியில் வந்தவைதான். தமனி, சிரை இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. தமனியின் வேர் 'த்மா'. ஊதுதல் என்று பொருள். ஊதுவதால் தமனி, ஓடுவதால் சிரை என்ற பொருளில் சரக சம்ஹிதையே விளக்கம் தருகிறது. சுஸ்ருத சம்ஹிதையோ தமனிகள் 24, சிரைகள் 700 என்று எண்ணுகிறது. அந்தச் சிரைகள் வாத, பித்த, கபங்களையும் சுமப்பவை. அவை இன்றைய வெயின்கள் அல்ல. பழைய சொல்லை எடுத்துக்கொண்டு ஹார்வியின் அளவுகோலை அதற்குப் பொருத்தியிருக்கிறோம். கிரேக்கச் சொல்லுக்கு ஐரோப்பா செய்ததும் அதுதான். இதில் குறை ஒன்றும் இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 'தமனியில் நல்ல ரத்தம் ஓடும், சிரையில் கெட்ட ரத்தம் ஓடும்' என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். படத்தில் ஒன்றுக்குச் சிவப்பு, மற்றதற்கு நீலம் பூசுகிறோம். பிறகு 'நுரையீரல் தமனி மட்டும் விதிவிலக்கு' என்று ஒரு வரி சேர்க்கிறோம். யோசித்துப் பாருங்கள்: இது 'உள்ளே என்ன இருக்கிறது?' என்ற ப்ராக்ஸகோரஸின் கேள்விதானே? நியூமா இருந்த இடத்தில் ஆக்ஸிஜனை உட்காரவைத்திருக்கிறோம், கேள்வியை மாற்றவில்லை. விதிவிலக்கு என்று ஒன்று முளைத்தால், பெரும்பாலும் நாம் தவறான கேள்வியைக் கேட்டிருக்கிறோம் என்று அர்த்தம். திசையைக் கேளுங்கள், விதிவிலக்கே இல்லை. நுரையீரல் தமனியும் தமனி, தொப்புள்கொடித் தமனியும் தமனி.

ஆகவே மருத்துவ மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை நீங்கள் ஆசிரியராக நின்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, இதயத்திலிருந்து புறப்படுவது தமனி, இதயத்துக்குத் திரும்புவது சிரை என்று தொடங்குங்கள். நிறத்தையும் நல்லது கெட்டதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சொல் பழையதாக இருக்கட்டும். கேள்வி புதியதாக இருந்தால் போதும்.